பதினோராவது துளை

இடது முழங்கைக்குக் கீழே பாயின் ஈரம்.
வார் இறுகிய கையின் நாடி
துப்பாக்கிக்குள் போய்த் துடிக்கிறது.
ஒவ்வொரு துடிப்புக்கும் குறி
ஒரு சட்டைப் பொத்தான் அளவு நகரும்.
பத்தாம் வளையமும் அதே பொத்தான்தான்,
ஐம்பது மீட்டருக்கு அப்பால்.

ஏழு தோட்டா போனபின்
கேத்திப் பக்கமிருந்து மஞ்சு ஏறியது.
முதலில் மண்மேடு போயிற்று,
பிறகு எண்பலகை, பிறகு அட்டைகள்.
"போல்ட்டைத் திறந்து வையுங்க" என்றார் பெள்ளிராஜ்.
ஆறு பேரும் குப்புறப் படுத்தபடியே
வெள்ளையைப் பார்த்துக் கிடந்தோம்.
நாலாம் பாயில் ஜெசிந்தா
வர்க்கியைச் சத்தமில்லாமல் கடிக்கப் பார்த்தாள்;
முடியுமா?

விலகியதும் மூன்று சுட்டேன்.
நல்ல மூச்சு. நல்ல விரல்.

அட்டையை எடுக்கப் போனால்
என்னுடையதில் ஒன்பது, அவளுடையதில் பதினொன்று.
அதில் ஒன்று நட்டநடுவில்.
விட்ட கணமே கைக்குத் தெரிந்தது,
கண்ணுக்குத்தான் எண் பிசகிவிட்டது.

பெள்ளிராஜ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விதியைச் சொன்னார்:
எனக்கு அந்தத் தோட்டாவுக்குப் பூஜ்யம்.
அவள் தன் ஏழைத் தள்ளிவிட்டு
என் பத்தை வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் நான் அடித்த ஒரே மையம்.
வைத்துக்கொண்டாள்.

குன்னூர் பஸ்ஸில்
எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.
மீதிச் சில்லறையை
எண்ணிப் பார்த்துத்தான் பையில் போட்டாள்.