ஒறம்பரை

உக்கடத்திலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்
பாலிதீன் பையில் கட்டிய ஒரு கை கடலை.
கருமத்தம்பட்டி தாண்டும்போது
பக்கத்து சீட்டு அம்மா கேட்டாள்:
"கொழம்புக்குங்களா?"

பட்டாம்பூச்சி மீன்.
மஞ்சள் உடம்பு, கண்மேல் கறுப்புப் பட்டை.
கண் எதுவென்று எதிரிக்குத் தெரியாமலிருக்கத்தான் பட்டை
என்றார் கடைக்காரர் சிக்கந்தர்.
மண்டபத்தில் பிடித்ததாம்.
ஆயிரத்து நானூறு.
துளசிமணியிடம் நானூறு என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய தொட்டியில் விடவில்லை.
நாலு வாரம் தனி வாசம்
பொடக்காலி அறையில், ஈரத்துணிக் கொடிக்குக் கீழே.
வெறுந்தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய்.
ஒறம்பரை வந்தவரை
வாசலோடு நிறுத்திவிட்டதுபோல் எனக்கே கூச்சம்.

முதல் ராத்திரி
செவுள் திறந்து மூடுவதை
போனில் டைமர் வைத்து எண்ணினேன்.
பதினைந்து நொடிக்கு இருபத்தெட்டு.
நாலால் பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு.
பயந்த உயிருக்கு அப்படித்தான் இருக்கும்.
காலை ஷிப்டுக்குக் கிளம்பும்முன் எண்பத்துநாலு.
போட்ட தீனி போட்டபடி கிடந்தது.

எனக்கு வேலை வீரபாண்டியில்
சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆலையின் சோதனைக்கூடத்தில்.
நீலமாய், சிவப்பாய்,
ஜூன் மாதமென்றால் பள்ளிச் சீருடைப் பச்சையாய்
வந்து சேரும் தண்ணீரில்
உப்பு எவ்வளவென்று அளந்து எழுதவேண்டும்.
பதினேழு வருசமாய் உப்பு எனக்கு எதிராளி.
வீட்டுக்கு வந்து அதே கையால்
வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறேன்
1.025 வரும்வரை.

மூன்றாம் நாள் இறால் துணுக்கைக் கொத்தித் துப்பியது.
மறுநாள் கொத்தியது, துப்பவில்லை.
"உண்டது" என்று நோட்டில் எழுதி
கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஐந்தாம் நாள்
முதுகுத் துடுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு.
வெண்புள்ளிச் சீக்கு உப்புக் கல்லாட்டம்தான் வரும்.
டார்ச் அடித்தேன், மூச்சை எண்ணினேன்,
சிக்கந்தருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.
கண்ணாடியில் விரல் வைத்தேன்,
பொட்டு விரலோடு வந்துவிட்டது.
பஞ்சு.
எதிர்மாடியில் வளர்மதி பிசிர் வெட்டும்
பனியனிலிருந்து பறந்துவந்தது.
தனியாக நின்று சத்தமாய்ச் சிரித்தேன்.

ஒன்பதாம் நாளும் துடைத்தேன்.
போகவில்லை.
மீன் திரும்பினால் அதுவும் திரும்பியது.
ஒன்றில்லை, மூன்று.
குழாய் விளிம்பில் விலாவை உரசிக்கொண்டது,
கரண்டு கம்பத்தில் எருமை முதுகு தேய்ப்பதுபோல்.

வைத்தியம் என்னவென்று
இரண்டு தடவை படித்தேன்.
உப்பைக் குறை.
மெல்ல, இரண்டு நாளில், 1.009 வரை.
ஒட்டுண்ணிக்குத் தாங்காது, மீனுக்குத் தாங்கும்.
சம்பளத்துக்குச் செய்யும் வேலையை
ஊட்டுக்குள்ளும் ஒரு ஜீவன் கேட்கிறது.

டிரிப்ஸ் குழாயில் முடிச்சுப் போட்டு
ஒரு பக்கம் நல்ல தண்ணீரைச் சொட்டவிட்டேன்,
மறுபக்கம் உப்புத் தண்ணீர் வடிந்தது.
பன்னிரண்டரைக்குக் கரண்டு போனது.
பேட்டரி மோட்டாரை இருட்டில் தடவி மாட்டி
குமிழிச் சத்தம் கேட்ட பிறகுதான்
நானும் மூச்சு விட்டேன்.

துளசிமணி லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.
"நானூறு ரூவா மீனுக்கா அம்மணி இந்தப் பாடு?"
டார்ச்சை என் கையிலிருந்து வாங்கினார்.
கொஞ்சநேரம் குனிந்தே இருந்தார்.
"எவ்வளவு?"
விலை தெரிந்துவிட்டதென்று
தொண்டை வறண்டது.
"மூச்சுங்கறேன்."
"தொண்ணூத்தாறு."
அவர் நம்பவில்லை.
தன் போனை எடுத்து
முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.