மூன்று பூச்சுக்கு அடங்காதது

கிளாரன்ஸ் ஆல்பர்ட்டாவுக்குப் பறந்து ஐந்து நாள்.
திரும்ப இன்னும் பதினாறு.
அதற்குள் இந்த அறையை முடித்துவிடுவேன் என்று
ஃபோனில் சொல்லிவிட்டேன்.
வாய் சொன்னதைச் சுவர் கேட்க வேண்டுமே.

முதலில் காகிதம்.
வெந்நீரில் வினிகர் ஊற்றி, ஸ்பாஞ்சால் ஒற்றி,
ஓரத்தில் கத்தி கொடுத்துத் தூக்கினால்
ரோஜாக்களுக்கு அடியில் பாய்மரக் கப்பல்கள்,
கப்பல்களுக்கு அடியில் பழுப்புக் கட்டங்கள்.
யாரோ ஆசைப்பட்டுக் காசு கொடுத்து
வாங்கிய அவலட்சணம் அத்தனையும்
நனைந்த அப்பளமாய்த் தொய்ந்து
என் தோளில் விழுந்தது.

கட்டங்களும் போன பிறகு, வெறும் சாந்தில்,
ஜன்னலுக்கு இடப்புறம், என் கண் உயரத்தில்,
தடித்த ஊதா மார்க்கரில்:

ஆம்புரோஸ் எனக்கு நாற்பது டாலர் தரவேண்டும்.

எழுதியவர் பெயர் இல்லை. தேதி இல்லை.
தரவேண்டும் என்பதற்குக் கீழே
இரண்டு கோடு.

"தந்தாரா அம்மா?" என்றாள் டெஸ்ஸா.
தெரியலையே கண்ணு.

விரிசலெல்லாம் பட்டி பார்த்தேன்.
காய்ந்ததும் உப்புத்தாள்.
புருவத்தில், தேநீரில், பூனையின் முதுகில்
எங்கும் வெள்ளை மாவு.
கண்ணாடியில் எனக்கு எழுபது வயது.

சீலிங்குக்கு ஒரு பெயிண்ட் வைத்திருக்கிறார்கள்,
பூசும்போது இளஞ்சிவப்பு,
காய்ந்தால் வெள்ளை.
விட்டுப்போன இடம் தெரிவதற்காகத்தான்,
வேறொன்றுமில்லை.
ஆனால் டெஸ்ஸா பிளாஸ்டிக் விரிப்பில் மல்லாந்து படுத்து
ஒரு மாலைநேரம் முழுவதையும்
தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்படியே நிற்கச் சொல்லு."
நான் கழுத்தைப் பிடித்தபடி ஏணியில் நின்றேன்.
அது யார் சொல்லியும் நிற்கவில்லை.
புகைபோக்கி மூலையில் மட்டும்
சாப்பாட்டு நேரம்வரை கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிறகு சுவர்.
முதல் பூச்சு காயும்போதே ஆம்புரோஸ் எழுந்துவிட்டார்,
வெளிறிய ஊதாவில்.
இரண்டாவதில் நாற்பது.
மூன்றாவதில் அந்த இரண்டு கோடு.
கடன் வாங்கியவருக்கு இல்லாத ரோஷம்
எழுத்துக்கு இருந்தது.

காகித ஆலையைத் தாண்டி, சரிவில்,
பனியில் வழுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.
கறை மேலே வருகிறது என்றேன்.
"மார்க்கரா?" என்றபடி
ஷெல்லாக் ப்ரைமரை எடுத்தார் கடைக்காரர்.
சட்டையில் பெயர்ப்பட்டை:
ஆம்புரோஸ்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"எந்த வீடு?"
மேட்டுத் தெரு. பச்சைக் கதவு.

டின்னைக் குலுக்கும் இயந்திரம் நிற்கும்வரை
அவர் பேசவில்லை.
நின்றதும் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து
"முப்பது" என்றார்.

அவ்வளவுதான்.
மீதிச் சில்லறையை மட்டும்
இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

ஷெல்லாக் ஸ்பிரிட் வாடை தலையைச் சுற்றும்.
டெஸ்ஸாவைப் பக்கத்து வீட்டில் விட்டு
ஜன்னலை முழுதாகத் திறந்தேன்.
விரிகுடாவின் பிப்ரவரி உள்ளே வந்து
விரிப்பைத் தூக்கிப் பார்த்தது.

பிரஷ்ஷைத் தோய்த்தவள் கீழே வைத்தேன்.
பென்சிலைத் தேடியெடுத்து
நாற்பதைக் குறுக்கே அடித்து
மேலே முப்பது என்று எழுதினேன்.
எழுதியவர் பக்கத்தை யாரும் கேட்கவில்லையே
என்று தோன்றியது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பிறகு பூசினேன்.
இடமிருந்து வலம், ஈரம் காயுமுன்,
கை நிற்காமல்.

ராத்திரி மேசைவிளக்கைத் தரையில் வைத்து
வெளிச்சத்தைச் சுவரோடு சாய்த்துப் பார்த்தேன்.
ரோலர் தடம்கூட இல்லை.
கிளாரன்ஸ் கூப்பிட்டு, "முடிந்ததா?" என்றான்.
முடிந்தது என்றேன்.

விடிகாலை எழுந்தபோது
இன்னொரு முறை போய்ப் பார்த்தேன்.
ஒன்றும் எழவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.