இனம் என்று ஒரு கட்டம்

தடுப்பூசி அட்டையில் 'இனம்' என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
தல்லாகுளம் நாய் ஆஸ்பத்திரியில்
பத்தொன்பது வருடமாக அதைத்தான் நிரப்புகிறேன்.

ரயில்வே காலனி பெர்சிவல் சார் கொண்டுவந்தார் முதலில்:
வெள்ளைப் பெட்டை, இடக்கண்ணைச் சுற்றிக் காப்பிக் கறை.
"ஃபாக்ஸ் டெரியர்" என்றார்.
நரியைப் பார்க்காமலே வளர்ந்தது
ஒரு மார்கழியில், வைகைப் பாலத்தடியில்,
வேறு யாரையோ பார்த்துவிட்டது.
ஐந்து குட்டி.
சார் இரண்டு நாள் டூட்டிக்குப் போகவில்லை.

ஒன்றைக் கீழமாசி வீதிப் பருப்புக் கிடங்குக்கு
அருஞ்சுனை எடுத்துப்போனார்.
மூட்டை அடுக்கிய பலகைக்கும் தரைக்கும் நடுவே
ஒரு சாண். எலிகளின் மாசி வீதி அது.
அதில் நுழைகிற குட்டியைத்தான் வைத்துக்கொள்வார்.
ஈத்துக்கு ஈத்து கால் குறைந்தது.
மடிந்த காதில் தூசி ஏறாது என்று
மடிந்த காதாகப் பார்த்து ஜோடி சேர்த்தார்.
அண்ணனுக்கும் தங்கைக்குமா என்று கேட்டேன் ஒருமுறை.
"நாய்க்கு ஏது முறை" என்று
பாக்கிச் சில்லறையை எண்ணினார்.

இன்னொன்று செல்லம்பட்டிக்குப் போனது.
ஒச்சப்பனுக்குக் கடலைக்காடு; மயில், பன்றி.
வரப்புத் தாண்டக் கால் வேண்டுமென்று
கன்னி நாய் ஒன்றைக் கடன் வாங்கினார்.
மயிலைக் குரைத்து விரட்டியது தங்கியது.
மயிலைக் கடித்தது போய்விட்டது.
எங்கே போனது?
ஊசி போடாத நாய்க்கு அட்டை கிடையாது.
நுழையாத குட்டிக்கும் தாண்டாத குட்டிக்கும்கூட.
இல்லாத அட்டைகளை அடுக்கினால்
இந்த மேஜை உயரம் வரும்.

நேற்று இரண்டு பேரும் ஒரே வரிசையில்.
நெட்டையின் வயிற்றுக்கு அடியில் குட்டை நடந்துபோனது,
மோந்தது, தும்மியது.
இரண்டின் இடக்கண்ணிலும் அதே காப்பிக் கறை.
"கிடங்கு டெரியர்னு எழுதுங்க" என்றார் அருஞ்சுனை,
"குட்டி எட்டாயிரம் போகுது."
"என்ன இனமோ, தெரியாது" என்றார் ஒச்சப்பன்.
என் கையெழுத்தில்
டெரியரும் தெரியாதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பேனாவைத் திறக்குமுன் சத்தம்:
மருந்து பீரோவுக்கு அடியில் ஏதோ ஓடியது.
குட்டை உள்ளே நுழைந்தது, வால்கூடத் தெரியவில்லை.
நெட்டை வெளியே நின்று
முன்காலால் தோண்டியது தோண்டியது
சிமெண்டுத் தரையை.