அறுபத்திரண்டு புள்ளி மூன்று

கார்த்லா மருத்துவமனையில் என் வேலை
மனிதர்களைப் பார்ப்பதல்ல.
காலை ஏழு ஐம்பதுக்குத் திரையைத் திறப்பேன்.
ஹீயுமா தீவின் முப்பத்தொரு குளியலறைகளிலிருந்து
முப்பத்தொரு எடைகள் வந்து இறங்கியிருக்கும்,
ஈரக் கால்தடம் இல்லாமல்.

தளர்ந்த இதயம் நீரை வெளியே விடாது.
கணுக்காலில் தேக்கும், பிறகு நுரையீரலில்.
மூச்சு முட்டுவதற்கு மூன்று நாள் முன்பே
தராசுக்குத் தெரிந்துவிடும்.
இரண்டு கிலோ கூடினால் சிவப்பு.
சிவப்பென்றால் கூப்பிடுவேன்.

எண்டெல் வாக்த்ரா, எழுபத்து நான்கு வயது,
படகுத்துறையில் கயிறு வாங்கிக் கட்டியவர்.
ஒருமுறை நான்கு கிலோ கூடிச் சிவந்தார்.
பதறி அழைத்தேன்.
"பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், மாரெத்.
இளைத்த மாதிரி இருந்தது, அதான்" என்றார்.
பின்னால் ஒரு பெண் சிரித்தாள்.
சொல் இல்லை. சிரிப்பு மட்டும்.

ஹில்யா.
இரண்டு வருடம் முன்பு வந்த பக்கவாதம்
அவள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு
மற்றதையெல்லாம் வைத்துவிட்டுப் போயிருந்தது.
அவளுக்கும் சேர்த்து அவரே பேசுவார்,
சில சமயம் அவள் நினைக்காததையும்.

பிப்ரவரி. ஜன்னலில் பனி ஒட்டிய காலை.
எண்டெல் பெயருக்கு எதிரே பச்சை.
இன்றைய எடை கிடைக்காததால்
நேற்றைய எடையையே வைத்துப் பச்சை.
காப்பி எடுக்கப் போனவள் ஏனோ திரும்பி வந்து
'தவிர்க்கப்பட்டவை' என்ற பக்கத்தைத் திறந்தேன்.
அங்கே யாரும் போவதில்லை.

நான்கு பன்னிரண்டு: 62.3
நான்கு பதின்மூன்று: 62.3
நான்கு பதினைந்து: 62.3

ஒரே இரவில் ஒருவர் பத்தொன்பது கிலோ இளைக்க முடியாது,
பிழையாக இருக்கலாம் என்று
கீழே மரியாதையாக எழுதியிருந்தது கணினி.

பிழை இப்படி
மூன்று முறை கதவைத் தட்டாது.

அழைத்தேன். இரண்டாம் மணியில் எடுத்துவிட்டாள்.
ஒரு மூச்சு கேட்டது.
அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு,
தண்ணீருக்கடியிலிருந்து உறிஞ்சுவது போல.
"ஹில்யா, அவரைச் சாய்த்து உட்கார வையுங்கள்.
வண்டி கிளம்பிவிட்டது."
தொலைபேசியை நகத்தால் ஒருமுறை தட்டினாள்.
ஆம்.

நான்கே காலிலிருந்து ஏழு ஐம்பது வரை
எத்தனை நிமிடம் என்று
அன்றைக்குப் பலமுறை கணக்குப் போட்டேன்.
ஒவ்வொரு முறையும் இருநூற்றுப் பதினைந்துதான் வந்தது.
யாரை அழைத்தாலும் அவளால் என்ன சொல்ல முடியும்?
அந்த வீட்டில் மருத்துவமனையோடு பேசத் தெரிந்த பொருள்
தராசு ஒன்றுதான்.
அதன்மேல் ஏறி நின்று
தன்னையே சொல்லாக்கி அனுப்பியிருக்கிறாள்.
நாங்கள் வடிகட்டியிருக்கிறோம்.

எண்டெல் பிழைத்தார். ஐந்து லிட்டர் நீர் இறங்கியது.
மருத்துவர் ரீவோ படிவம் நிரப்பும்போது கேட்டார்,
"தகவல் தந்தவர் யார்?"
"மனைவி."
"அதற்குக் கட்டம் இல்லையே."
சற்று யோசித்துவிட்டு
'நோயாளி' என்ற கட்டத்தில் குறியிட்டார்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தினமும் இரண்டு எடைகள் வருகின்றன.
ஆறு மணிக்கு அவர்.
ஆறு இரண்டுக்கு அவள்.
இரண்டாவதைக் கணினி இன்னமும் தவிர்க்கிறது.
மேசை இழுப்பறையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன்,
அதில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.
விதிப்படி அவள் யாருடைய நோயாளியும் அல்ல.

62.3. 62.1. 62.4.
நேற்று 60.9.

இதற்குச் சிவப்பு வராது.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
தொலைபேசியை எடுத்தேன்.
"எண்டெல், உங்களைப் பற்றியில்லை.
ஹில்யா சரியாகச் சாப்பிடுகிறாளா?"

வெகுநேரம் அவர் பேசவில்லை.
பிறகு, வாங்கிக்கொண்டாள் போலும்,
நகத்தால்
இரண்டு தட்டு.