போதிய அளவு

போபினி நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதம்
ஒரே தாள். இரண்டு மடிப்பு.
அழிக்கப்பட்டது என்கிறது.
எது அழிக்கப்பட்டது என்பதை
மேலே நாலு வரியில் முழுதாய் எழுதிவிட்டுத்தான்:
திகதி, ஹோட்டல், அறை முந்நூற்றுப் பன்னிரண்டு,
ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம் ஒன்று,
சந்தேக நபர் நாகமுத்து.

நாகமுத்து என் அப்பா.
பிரெஞ்சுக்காரருக்கு அதுதான் நான்.
ஆனையிறவு உப்பளத்தில் முப்பது வருடம் கணக்கெழுதி
வீட்டுக்கு உப்பைக் கடையில் காசுக்கு வாங்கின மனுசன்,
கப்பலோ விமானமோ ஏறாமல் செத்துப்போனவர்,
ஒன்பது வருடம் பொலிஸ் கணினிக்குள்
கடிகாரக் கள்ளனாக இருந்தார்.

அன்றைக்கு என் விரலை மெஷின் வாசிக்கவில்லை.
ஜவெல் தண்ணீர் தின்ற ரேகை.
பொலிஸ்காரி, சின்னப் பிள்ளை,
தன் கைப்பையிலிருந்து கிரீம் எடுத்துத் தந்தாள்.
லவெண்டர் மணம்.
நன்றாய்ப் பூசி, ஊறவிட்டு,
பத்து விரலையும் மறுபடி வைத்தேன்.
மெர்சி என்றும் சொன்னேன்.

மூன்று மாதத்தில் வழக்கைக் கைவிட்டார்கள்.
'குற்றம் போதிய அளவு நிறுவப்படவில்லை.'
வக்கீல் சந்தோஷமாகத்தான் வாசித்தார்.
எனக்குச் சோற்றில் கல் கடிபட்டது.
போதிய அளவு இல்லையென்றால்
கொஞ்சம் இருக்கிறதா?
எவ்வளவு? ஒரு சிட்டிகை?

பிறகு ருவாசியில் விமானம் துடைக்கிற வேலை சரிவந்து
சப்பாத்து அளவுகூடக் கேட்டுவிட்டார்கள்.
உள்ளே போகிற அட்டையைப் பிரிபெக்சர் தரவில்லை.
காரணம் அந்த நாலு வரி.
விடிய மூன்று மணிக்கு என்னால் எழும்பேலாது,
அதுதான் விட்டேன் என்று
மலர்விழிக்கும் மற்றவர்களுக்கும் சொன்னேன்.
இவ்வளவுக்கும் நான் செய்த ஒரே மோசடி அது.
எந்தக் கோப்பிலும் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்தெறிய ஆசை.
எறியக்கூடாது.
நாளைக்கு ஒருவர் கேட்டால்
களவு இல்லை என்று காட்டுவதற்கு
களவு என்று எழுதியிருக்கிற இந்தத் தாள்தான் உண்டு.
மின்சார பில்லுகளுக்கு மேலே வைத்தேன்.
இரவு எழும்பி
அடியில் மாற்றினேன்.

மனு எழுதித் தந்த துஷிகரனுக்குப் போன் எடுத்தேன்.
"நல்லது அக்கா. ஆனால்
விரல் ரேகை வேற கோப்பு.
அதுக்கு வேற கடிதம்."

சனிக்கிழமை லா கூர்நேவ் தபாலகத்தில் நீண்ட வரிசை.
பதிவுத்தபால் படிவத்தில் என் எழுத்து விளங்காமல்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவள் பெயரைக் கேட்டாள்.
வழமையாய் அடையாள அட்டையை நீட்டிவிடுவேன்.
இன்று வாயால் சொன்னேன்,
என், ஆ, ஜே, ஆ,
பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார்,
எம், யு, தே,
அவள் தட்டி முடிக்கும்வரை நின்று,
ஆஷ், யு.
சரியா என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.
தே-யை விட்டிருந்தாள்.
திருத்தச் சொன்னேன்.