ஏரிக்குள் கப்பற்படை

முதல் பதிப்பில் அதற்குத் தெரிந்தவை மூன்று:
கோதுமை, இரும்பு, எல்லைக்கோடு.
அந்த மூன்றை வைத்தே என்னைத் தோற்கடித்தது.
வூச் நகரத்து டிசம்பரில்
டிராம் ஓய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்,
நான் எழுதிய நிரல்
என் தலைநகரைச் சுற்றி வளைப்பதைப் பார்த்துக்கொண்டு.
பெருமையாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

பிறகு விரிவாக்கங்கள்.
கடல் வந்தது, மதம் வந்தது,
உளவாளிகள், வரி விகிதம், அரச கல்யாணங்கள்,
நான்காவதில் பருவக்காற்று.
ஒவ்வொன்றுக்கும் ஓவியர் ஆறு பேர், இசைக்கு இருவர்.
எதிராளியின் மூளைக்கு நான் ஒருத்தி,
அதுவும் செவ்வாய், வியாழன் மட்டும்.

பெட்டியின் பின்னட்டையில் 'ஆழம்' என்று அச்சடித்தார்கள்.
அது மூழ்கிக்கொண்டிருந்தது.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாகப்
படையைக் கரையில் நிறுத்திவிட்டு
ஏறுவதா இறங்குவதா என்று நாற்பது சுற்று யோசித்தது.
குதிரைப்படைக்கு முன்னால் பாதிரியார்களை அனுப்பியது.
பக்கத்து நாட்டு இளவரசியைக் கட்டிக்கொண்ட மறுநாள்
மாமனார் மேல் போர் தொடுத்து
அதற்கடுத்த நாள்
சீதனம் கேட்டது.

டோபியாஷ் சோதனைப் பிரிவு. வியாழன் மாலை
ஒரு சேமிப்புக் கோப்பை அனுப்பினான்.
நாலு பக்கமும் மலை, நடுவே ஏரி,
ஏரியில் முன்னூற்றுப் பன்னிரண்டு போர்க்கப்பல்கள்.
தண்ணீரே தெரியவில்லை.
'சிரிக்காமல் பார்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

சிரிக்க முடியவில்லை.
ஒவ்வொரு சுற்றும் என் சூத்திரம் அதனிடம் கேட்டிருக்கிறது:
கரையோர ஊரா? ஆம்.
கப்பல் போதுமா? போதாது.
ஏரிக்கும் கரை உண்டே.
வூச் என்றால் படகு என்று அர்த்தம்.
கப்பல் போகிற ஆறு ஒன்றும் இங்கே கிடையாது;
நகர முத்திரையில் மட்டும் ஒரு படகு நிற்கிறது.

திங்கட்கிழமை கஷிமியேரா கேட்டாள்:
'அதை யோசிக்கவைக்க எத்தனை மாதம்?'
எட்டு.
'தங்கம் கொடுக்க?'
ஒரு வரி.
அந்த வரியையும் நானே எழுதினேன்.
கடின நிலையில் எதிராளிக்கு வருமானம் ஒன்றே முக்கால் மடங்கு,
மூடுபனிக்கு அப்பாலும் பார்வை.
மூளை இருக்கவேண்டிய இடத்தில் கஜானா.
இந்த முறை எதிராளி மகா கெட்டிக்காரன்
என்று ஒரு பத்திரிகை எழுதியது.
வெட்டி ஒட்டிவைத்திருக்கிறார்கள், காபி இயந்திரத்துக்கு மேலே.

ஒன்று சொல்ல வேண்டும்.
இருநூறாவது சுற்றில் டோபியாஷின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.
எண்பது நகரங்கள், எண்பது கேள்விகள்.
வாசிக்காமலே 'சரி', 'சரி', 'சரி'.
கையில் பாதி தின்ற ஆப்பிள்.

நேற்று எல்லோரும் போன பின்
கஜானாவை மூடிவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தேன்.
ஏரி கடல் இல்லை.
இதைச் சொல்ல ஒன்பது வரிகள் பிடித்தன.
அடுத்த சுற்று.
பதினொரு நொடி ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஒரு கப்பலைப் பிரித்தது.
அடுத்த சுற்றில் இன்னொன்றை.
சுற்றுக்கு ஒன்றுதான்; இரண்டைச் சேர்த்துப் பிரிக்கலாம் என்று
நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.
கடைசி டிராம் போகும் சத்தம் கேட்டது.
சுற்றை அழுத்திக்கொண்டே இருந்தேன்.
வடக்கு மூலையில்
விரலகலம் தண்ணீர் தெரிந்தது.