தவளை மார்க், எண் 31

லோரோங் கூலிட் ஞாயிறு சந்தையில்
தார்ப்பாய்களுக்கு நடுவே நான் வருவதைப் பார்த்ததுமே
ஊய் சொல்லிவிடுவார்,
நான் வாய் திறக்கும் முன்பே:
"தவளை இல்லை."

வெள்ளிப்புலி இருக்கிறது. எப்போதும் இருக்கிறது.
கால்பந்து வீரர்கள், ஓரம் மடங்காமல், வழவழவென்று,
கண்ணாடித் தாளுக்குள் மூச்சு முட்டிக்கொண்டு.
அதற்குத்தான் கோலாலம்பூரிலிருந்து கார் போட்டு வருகிறார்கள்.
ஓர் அட்டைக்கு எண்பது ரிங்கிட் எண்ணிக் கொடுத்துவிட்டு
சார் கொய்த்தியாவில் இறால் குறைவென்று
சண்டை பிடிக்கிறார்கள்.

தவளை மார்க் பிஸ்கட்டை
என் வகுப்பில் யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை.
ஈரம் பட்ட உமியின் ருசி.
உள்ளே ஓர் அட்டை, அதுவும் ஹாக்கி.
சுங்கத்துறை அணி, ரயில்வே அணி, மின்வாரிய அணி
என்று மொத்தம் நாற்பத்தெட்டு பேர்.

அச்சடித்தவனுக்குக் கை நடுக்கம் இருந்திருக்க வேண்டும்.
சிவப்பு ஒரு பக்கம் போக நீலம் ஒரு பக்கம் போய்
எண் 12 தர்மசீலனுக்கு இரண்டு வாய்.
எண் 40 குர்தியால் சிங்கின் தலைப்பாகை
தலையை விட்டு விரற்கடை தள்ளி மிதக்கிறது.
பின்னால் வாழ்க்கை வரலாறு:
பிடித்த உணவு மீன். மணமாகவில்லை.

எனக்கு இவர்களைத்தான் பிடிக்கிறது.
பொது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
அசையாதீர்கள், மூச்சைப் பிடியுங்கள் என்று
நாள் முழுக்கச் சொல்கிறேன்.
அப்படியும் அசைந்துவிடுகிறவர்கள்
என் திரையில் இப்படித்தான் வருவார்கள்.

நாற்பத்தேழு சேர்ந்துவிட்டது.
இல்லாதது 31, கோல்கீப்பர்.
பதினோரு வருடமாகப் பெயர்கூடத் தெரியாது.
"கிடைச்சாலும் அந்த ஆல்பத்த எவன் வாங்குவான்?" என்பான்
புலியில் இரண்டு முழுத் தொகுப்பு வைத்திருக்கும் குகனேசன்.
விற்கவா சேர்க்கிறேன் என்று கேட்டதில்லை.
கேட்டால், பின் எதற்கு என்று
நான் சொல்ல வேண்டிவரும்.

மார்ச்சில் ஒரு மழை.
நெய்னாவின் மீ கோரிங் கடையில்
எப்போதும் உட்காரும் மேசைதான்.
சில்லறை கை நழுவி உருள, குனிந்தேன்.
மேசைக் காலுக்கு அடியில்
நான்காக மடித்து ஓர் அட்டை.
அதன் ஓரத்தில் பச்சையாய் ஒரு தவளைக் கால்.

"நெய்னா, இது எப்பருந்து இங்க இருக்கு?"
"மேசை வந்த நாள்லேர்ந்து. ஏம்மா, ஆடுதா?"
"ஆடல."
"அப்ப விடுங்க."

விடவில்லை.
நான் தூக்கிப் பிடிக்க, அவர் மகன் உருவினான்.
நெடுக்கில் ஒரு முறிவு, குறுக்கில் ஒரு முறிவு.
இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓட்டை.
முகம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.
மிச்சம்: வெள்ளைக் கால்காப்பு இரண்டு,
சம்பல் எண்ணெய்,
"ரத்" என்று முடியும் ஒரு பெயர்,
31.

நெய்னா காசு வாங்க மாட்டேன் என்றார்.
மேசைக்கு வழி சொல்லுங்க என்றார்.
என்றாவது மாற்றிக்கொள்ள ஆகுமென்று
ஒரு வெள்ளிப்புலி வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.
எண்பது ரிங்கிட்.
மடித்தபோது அதன் வழவழப்பு
நகம் முறிவதுபோல் சத்தம் போட்டது.

31 ஆல்பத்தின் உறைக்குள் போக மறுத்தது.
எப்படியோ நுழைத்தேன்.
ஆல்பம் அதற்குப் பிறகு சரியாக மூடுவதில்லை.

அடுத்த வாரம் போனால் தட்டு தடதடக்கிறது.
"ஒங்க அட்டை மெலிசும்மா," என்றார் நெய்னா.
"பழசுதான் நல்ல கனம்."
புலிக்கு மேல் ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்துச்
சொருகியிருந்தார்.

ஊயிடம் எதுவும் சொல்லவில்லை.
ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய் நிற்கிறேன்.
"தவளை இல்லை," என்கிறார்.
"சரி," என்கிறேன்,
நின்றுகொண்டே.